அதே ஆள்தானா? உடம்பு மாறுவதைப் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மாந்தைப் பக்கங்களில் உயிரியல் வகுப்பு, சுகாதாரக் கூட்டம், செத்தவீடு என்று எங்கே உடம்பைப் பற்றிக் கதை எழுந்தாலும் இந்தக் கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றில் தங்கியிருப்பதால் மேலிருந்து வாசிப்பது நல்லது.

ஏழு வருசத்துக்கு ஒருக்கா உடம்பு முழுக்கப் புதுசா மாறுதாமே, உண்மையோ?

இல்லை. ஒவ்வோர் இழையமும் தன் கணக்கில் புதுப்படுகிறது. சிறுகுடலின் உட்சுவர்க் கலங்கள் 3 முதல் 5 நாளில் உதிர்ந்து புதியவை வருகின்றன. மேற்தோல் அடித்தட்டில் பிறந்து, மேலே வந்து, செதிலாக உதிர 4 முதல் 6 வாரம். செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் ஓடுகிறது. விரல் நகம் மாதம் 3 மில்லிமீற்றர் வளர்ந்து ஆறு மாதத்தில் முழுதாக மாறும். காலின் பெருவிரல் நகத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை வருடம் வேண்டும். வளர்ந்தவரின் எலும்பில் வருடத்துக்கு ஏறத்தாழப் பத்திலொரு பங்கு அரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்படுகிறது. இதயத் தசைக் கலங்களோ 25 வயதில் வருடத்துக்கு 1 வீதம், 75 வயதில் 0.45 வீதம்தான் புதுப்படுகின்றன. ஆயுள் முழுவதையும் சேர்த்தாலும் பாதி மாறாது. ஏழு வருடம் என்ற கெடுவுக்குள் இவை எல்லாவற்றையும் அடக்க வழியில்லை.

சீனி வருத்தக்காரருக்கு இந்தக் கணக்கு நேரடியாக உதவும். எச்.பி.ஏ.1.சி பரிசோதனை செங்குருதிக் கலத்தில் ஒட்டிய சீனியை அளப்பதால்தான் கடந்த மூன்று மாத நிலையைச் சொல்கிறது. அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ அதிக இரத்தம் இழந்திருந்தாலோ பழைய கலங்கள் குறைந்துபோய் முடிவு பிழைக்கும். வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள்.

அப்ப எதுதான் மாறாமக் கிடக்கு?

மூளைப் புறணியின் நரம்புக் கலங்கள், கண் வில்லையின் நடுப்பகுதி, பல்லின் வெளி ஓடான மிளிரி. புறணிக் கலங்களுக்கு உங்கள் வயதேதான். வில்லையின் நடுவில் உள்ள புரதம் நீங்கள் பிறக்க முன்னரே உருவானது. மாற்ற ஆளில்லாததால் வெயிலும் சீனியும் புகையும் செய்த கேடு அதிலேயே சேர்ந்து, வயதானபின் கற்றராக்காகத் தெரிகிறது.

மிளிரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கடைவாயின் ஞானப்பல் தவிர்ந்த நிரந்தரப் பற்களின் மிளிரி பிறந்ததிலிருந்து ஏறத்தாழ எட்டு வயதுக்குள் கட்டி முடிந்துவிடும். கட்டிய கலங்கள் பல் முளைக்கும்போதே அழிந்துபோகும். வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டு கூட. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளையின் பல்லில் விழும் வெள்ளைத் திட்டும் மண்ணிறக் காவியும் இதனால்தான் தேய்த்தாலும் போவதில்லை. 40 வயதில் வேறு ஊருக்குப் போனாலும் பால்யத்துத் தண்ணீர் பல்லில் எழுதியபடி இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் புளோரைட்டு போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடும். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்காவது பரிசோதித்த கிணற்றுத் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ கொடுங்கள்.

கலம் மாறுறதும் அணு மாறுறதும் ஒண்டுதானே?

இரண்டும் வேறு. குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கலம் செத்தும் அதன் அணு உடம்பிலேயே தங்கலாம். உடம்பில் உள்ள இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராம். புதிய செங்குருதிக் கலங்களுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து உறிஞ்சப்படுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். மிச்சம், மண்ணீரலும் ஈரலும் பழைய கலங்களை உடைத்து எடுத்துத் திருப்பிக் கொடுப்பது.

மறுவளமாக, கலம் அப்படியே இருக்க அணுக்கள் மாறலாம். உங்கள் வயதுள்ள நரம்புக் கலத்துக்குள் தண்ணீரும் புரதமும் கொழுப்பும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். டிஎன்ஏ மட்டும் பெரும்பாலும் பழையது. உடம்பின் நிறையில் ஏறத்தாழ 60 வீதம் தண்ணீர். அதில் பாதி 7 முதல் 10 நாளில் புதிதாகிவிடும், சோளகக் காலத்து வெயிலில் வயலில் நிற்பவருக்கு இன்னும் விரைவாக. 1950களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இருந்த போல் ஏபர்சோல்ட் ஒரு வருடத்தில் அணுக்களில் 98 வீதம் மாறும் என்று மதிப்பிட்டது இப்படிப்பட்ட அணுக் கணக்கைத்தான். அதைக் கலக் கணக்காக எடுத்தால் இதயமும் மூளையும் வருடா வருடம் புதிது என்ற பிழையான முடிவுக்கு வருவோம்.

ஆளை வெட்டிப் பாக்காம கலத்தின்ர வயசை எப்பிடிக் கண்டுபிடிச்சவை?

இறந்தவர்களின் இழையத்தில் உள்ள காபன்-14 என்ற கதிரியக்கக் காபனை அளந்து. 1955 முதல் 1963 வரை வெளியில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் வளியில் காபன்-14 ஏறத்தாழ இரண்டு மடங்கானது. இப்படி வெளியில் வெடிப்பதைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பின் அது வருடா வருடம் இறங்கிவந்தது. வளியின் காபன் நெல்லுக்கும் புல்லுக்கும் போய், அங்கிருந்து எங்களுக்கு வருகிறது. ஒரு கலம் பிறக்கும்போது அதன் டிஎன்ஏயில் பதிந்த காபன் பிறகு மாறாததால், அளவைப் பார்த்துப் பிறந்த ஆண்டைச் சொல்லலாம். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2005 இல் இந்த முறையை மூளைக் கலத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

மன்னார் சதொசக் கடை வளவுப் புதைகுழியில் 2018 இல் தோண்டிய எலும்புகளை அமெரிக்க ஆய்வுகூடம் 1499 முதல் 1719 வரையிலான காலத்தவை என்று சொன்னதும் காபன்-14 ஐ வைத்துத்தான். ஆனால் அது வேறு முறை: 5,730 வருடத்தில் பாதியாகும் தேய்வைக் கொண்டு கணக்கிடுவது.

தோல் மாதத்துக்கு ஒருக்கா உதிருதெண்டா தழும்பு ஏன் போகேல்லை? பச்சை குத்தினதும் போகேல்லையே?

உதிர்வது மேற்தோல். தழும்பு இருப்பது அதற்குக் கீழ், கொலாஜின் நார்களால் ஆன உட்தோலில். அந்த நாரும் மாறுகிறதுதான். பழையதை அரித்த இடத்தில் பழைய போக்கிலேயே புதியது இழையப்படுகிறது. இந்த வேலைக்கு உயிர்ச்சத்து சி வேண்டும். 1740களில் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதியின் உலகப் பயணத்தில், இந்த உயிர்ச்சத்துக் குறைவால் வரும் ஸ்கேவி நோய் கண்ட முதிய மாலுமி ஒருவருக்கு, 50 வருடத்துக்கு முன் போரில் பட்டு ஆறிய காயங்கள் மீண்டும் வாய் திறந்தன; பொருந்திய எலும்பும் பிரிந்தது. ஆறிய காயம் என்பது நின்றுபோன வேலை அன்று. ஒவ்வொரு நாளும் அது ஆற்றப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

பச்சையின் மையை உட்தோலில் உள்ள விழுங்கு கலங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று செத்தால் சிந்திய மையைப் பக்கத்தில் வரும் புதுக் கலம் விழுங்குகிறது. எலிகளில் 2018 இல் இதைக் காட்டினார்கள்.

மேசன் வேலை செய்யிறன். விரல் வைச்சா மெசின் எடுக்குதில்லை. என்ர ரேகை மாறிட்டுதோ?

மாறவில்லை, தேய்ந்திருக்கிறது. கருவில் 10 ஆம் வாரமளவில் தொடங்கி ரேகையின் அச்சு மேற்தோலுக்கும் உட்தோலுக்கும் நடுவில் அமைந்துவிடும். மேலே தேய்ந்தாலும் கீழுள்ள அச்சில் அதே ரேகை திரும்ப வரும். சீமெந்து, சுண்ணாம்பு, கல் தூக்குதல் மூன்றும் கெடுதி. கையுறை போட்டு, இரவில் தேங்காயெண்ணெயோ வசிலினோ பூசி, சில வாரம் ஓய்வு கொடுங்கள். பதியும்போது கையைக் கழுவித் துடைத்து, தேய்வு குறைந்த விரலையும் சேர்த்துப் பதியுங்கள்.  உட்தோல்வரை எரிந்த காயம் ரேகையை நிரந்தரமாக அழிக்கும். கபெசிற்றபின் என்ற புற்றுநோய் மாத்திரையும் சிலருக்கு ரேகையை மங்கவைக்கும். ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு டிஎன்ஏ ஒன்று, ரேகை வேறு வேறு.

இரணைமடுக் குளத்துத் தண்ணி வருசா வருசம் வேற, குளம் அதுதானே. உடம்பும் அப்பிடித்தானோ?

பாதிக்குச் சரி. கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீர் மாரியில் நிரம்பிச் சிறுபோகத்தோடு இறங்கும். குளக்கட்டைப் பலமுறை உயர்த்தியிருக்கிறார்கள். ஆனாலும் ஒருவரும் அதைப் புதுக்குளம் என்பதில்லை. இடமும் ஆறும் வேலையும் அறுபடாமல் வருகின்றன. ஏதென்ஸ் நகரத்தார் தெசெயுசு என்ற வீரனின் 30 துடுப்புக் கப்பலைப் பலகை பலகையாக மாற்றிப் பேணியபோது, அது அதே கப்பலா என்று அக்கால அறிஞர் வாதிட்டதும் இதே கேள்வியைத்தான். 1655 இல் ஆங்கிலேய மெய்யியலாளர் ஹொப்ஸ் முடிச்சை இறுக்கினார்: கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்?

உடம்பு இந்த உவமைகளுக்குள் முழுதாக அடங்காது. குளக்கட்டைத் திருத்த வெளியிலிருந்து ஆள் வரவேண்டும், கப்பலுக்குத் தச்சன் வேண்டும். உடம்பில் திருத்துகிறவரும் உடம்புதான். அந்தத் திருத்துகிற கலமும் மாறுகிறது. ஆகவே உயிருள்ளதில் 'அதே' என்பது பொருளைத் தொடர்வதில்லை, இடையறாத அந்த வேலையைத் தொடர்கிறது. கழித்த பலகையைப் போல எங்கள் பழைய அணுக்களை ஒருவரும் சேர்த்து அடுக்கப்போவதுமில்லை. மூச்சில் போன காபன் பக்கத்து வயலில் நெல்லாகும். ஒரு காபன்-12 அணுவுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு ஏதும் கிடையாது. 'என்னுடைய அணு' என்று அடையாளம் போட இடமில்லை.

அப்ப பத்து வருசத்துக்கு முன்னம் கடன் வாங்கினவன் வேற ஆள் எண்டு சொல்லலாமோ?

சொல்ல முடியாது. இந்த வாதம் எப்பிகார்மசு என்ற பழைய கிரேக்க நாடகக்காரர் காலத்திலேயே வந்துவிட்டது. கடன்காரன் 'நான் இப்போது வேறு ஆள்' என்றானாம், கொடுத்தவர் அடித்தாராம், வழக்கு வந்தபோது 'அடித்தவன் வேறு ஆள்' என்றாராம். பொறுப்பு அணுவில் ஒட்டியிருப்பதில்லை. வாக்குக் கொடுத்த ஒருவரின் தொடர்ச்சியில் இருக்கிறது.

ஐசியில இருக்கிற படத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. பிறகெப்பிடி அது நான்?

ஐசி என்ற தேசிய அடையாள அட்டையில் படம் மாறும், இலக்கம் மாறாது. 2016 முதல் வழங்கும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாம் நாள். பெண்ணென்றால் 500 கூட்டுவார்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்து எண்ணுவதால் மார்ச் 1, 61 ஆம் நாள். 1985 மார்ச் 1 இல் பிறந்த பெண்ணின் எண் 1985561 என்று தொடங்கும். அரசு உங்கள் உடம்பின் பொருளை எழுதி வைக்கவில்லை. ஒரேயொரு முறை நடந்து முடிந்த பிறப்பை எழுதி வைத்திருக்கிறது, அது தேயாது.

இடப்பெயர்வில் பத்திரம் தொலைத்தவர்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு திகதி, அட்டையில் இன்னொன்று என்றால் முதலில் பிறப்புப் பதிவைச் சரிசெய்து, பிறகு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்குக் கிராம அலுவலர் ஊடாகப் போகவேண்டும்.

அப்பாவுக்கு மறதி வருத்தம். என்னையே தெரியாது. அவர் இப்பவும் அதே ஆள்தானோ?

ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் லொக் 1694 இல் இதற்கு ஒரு பிரிப்பு வைத்தார்: உயிர் ஓட்டம் அறுபடாத அதே மனிதர் வேறு, பழையதைத் தன்னுடையதென்று உணர்கிற அதே ஆள் வேறு. தோமஸ் ரீட் 1785 இல் மறுத்தார்: தளபதிக்கு இளம் அதிகாரியாக இருந்தது நினைவு, அந்த அதிகாரிக்குச் சிறுவனாய் அடிவாங்கியது நினைவு, தளபதிக்கோ சிறுவன் நினைவில்லை. நினைவுதான் அளவுகோல் என்றால் தளபதி அந்தச் சிறுவனும் ஆவார், ஆகாமலும் போவார். எங்களுக்கு ரீட்டின் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. அப்பா அதே ஆள்தான்.

நினைவு இருப்பது நரம்புக் கலங்களுக்கிடையிலான இணைப்புகளின் அமைப்பில். இணைப்பின் புரதங்கள் நாட்கணக்கில் மாறினாலும் அமைப்புப் பேணப்படும்; மறதி வருத்தத்தில் கலங்களே செத்து இணைப்பு அறுகிறது. அண்மையது முதலில் போகும், பழையதும் கைப்பழக்கமும் தேவாரமும் நெடுநாள் நிற்கும். 'என்னைத் தெரியுதோ?' என்று சோதிக்காதீர்கள். 'நான் உங்கட மூத்தவள் வந்திருக்கிறன்' என்று சொல்லிக்கொண்டு போங்கள். பழைய ஊர், பழைய வயல் பெயர்களைச் சொல்லிக் கதையுங்கள்.

2009 இல பட்ட செல் துண்டு முதுகில இருக்கு. இடது கால் ஜெய்ப்பூர் கால். இதில எது நான்?

தமிழ் இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமை உடைமைக்கு இரண்டு கிழமை உண்டு. 'என் கை' தற்கிழமை, தன்னிலிருந்து பிரியாதது. 'என் வீடு' பிறிதின்கிழமை, பிரிந்து நிற்பது. செல் துண்டு, அதாவது எறிகணைச் சிதறல், உடம்புக்குள் இருந்தாலும் பிறிதின்கிழமைதான்: நாங்கள் சொன்ன அந்த இடையறாத வேலையில் அதற்குப் பங்கில்லை. உடம்பு அதை நாரால் சுற்றி மூடி, வேலிக்கு வெளியே வைத்திருக்கிறது. செயற்கைக் கால் வெளியே கழற்றி வைக்கக்கூடியது. ஆனால் பழகியபின் நடை, சமநிலை, படி ஏறும் கணிப்பு எல்லாம் அதைச் சேர்த்தே நடக்கின்றன. வரப்பில் நடக்கும்போது அதன் நுனி எங்கே படுகிறதென்று பார்க்காமலே தெரிந்தால், அது தற்கிழமையின் வாசலுக்கு வந்துவிட்டது என்போம்.

செல் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். உருக்குத் துண்டு காந்தத்தில் அசையும், சூடேறும். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் என்றால் ஆபத்து. முதலில் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். அந்தப் படத்தைக் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள். ஈயச் சன்னம் மூட்டுக்குள் இருந்தால் மூட்டுநீரில் ஈயம் கரைந்து இரத்தத்தில் சேரும். வயிற்றுவலி, சோகை, கைகால் விறைப்பு வந்தால் இரத்த ஈய அளவு பார்க்கக் கேளுங்கள்.

இல்லாத பாதம் நோவதும் உண்மையான நோவுதான். மூளையில் அந்தப் பாதத்துக்கான வரைபடம் அழிவதில்லை. நேராக நிறுத்திய கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, அதில் தெரியும் நல்ல காலின் உருவத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைக்க முயலுங்கள். நாளுக்கு 15 நிமிடம், நான்கு வாரம். தமிழரான நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த முறை இது. எல்லாருக்கும் கேட்காது, கேட்பவருக்கு நோவு நன்றாகக் குறையும்.

இன்னொராளின்ர இரத்தம், சிறுநீரகம் ஏத்தினா ஆள் மாறுமோ?

ஏற்றிய செங்குருதிக் கலத்தில் கருவும் இல்லை, டிஎன்ஏயும் இல்லை. நாலு மாதத்துக்குள் போய்விடும். மாற்றிய சிறுநீரகம் வேலையில் முழுதாகச் சேரும், ஆனால் கொடுத்தவரின் டிஎன்ஏ அதில் கடைசிவரை இருக்கும். அதனால்தான் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை வாழ்நாள் முழுவதும்; தானாக நிறுத்தினால் உடம்பு அதை வெளியார் என்று அடையாளம் கண்டு அழிக்கும். என்பு மச்சை மாற்றியவரின் இரத்தத்தில் மட்டும் கொடுத்தவரின் டிஎன்ஏதான் வரும், இரத்த வகையும் மாறலாம். இவர்கள் டிஎன்ஏ பரிசோதனைக்குப் போனால் அதைச் சொல்லி, வேரோடு பிடுங்கிய மயிரைக் கொடுக்கவேண்டும்.

உடம்பு மாறினாலும் ஆன்மா மாறாது எண்டு சைவம் சொல்லுது. விஞ்ஞானம் அதை மறுக்குதோ?

மறுக்கவும் இல்லை, நிறுவவும் இல்லை. 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தம் சிவஞானபோத நூலின் மூன்றாம் சூத்திரத்தில் 'எனது உடல்' என்று சொல்கிறோமே, சொல்கிறவர் உடலுக்கு வேறாக இருக்கவேண்டும் என்பதை ஒரு சான்றாக வைத்தார். கூர்மையான வாதம். மேலே சொன்ன இரண்டு கிழமையையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள்: 'எனது உடல்' தற்கிழமையா, பிறிதின்கிழமையா? அதே வாயால் 'நான் மெலிந்துவிட்டேன்' என்கிறோம். 'என் உடம்பு மெலிந்தது, நானல்ல' என்பதில்லை. சொல்வழக்கு இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறது. கலக் கணக்கு இதில் தீர்ப்புச் சொல்லாது.

பிள்ளை காணாமப் போகேக்க பத்து வயசு. இப்ப எல்லாம் மாறியிருக்குமே, என்னத்தை வைச்சு அடையாளம் காணுறது?

எல்லாம் மாறியிருக்காது. உயரம், முகம், குரல் மாறும். ரேகை மாறாது. காணாமற்போகும் முன் முளைத்த நிரந்தரப் பல்லின் மிளிரி அப்படியே இருக்கும், காவியும் சேர்த்து. டிஎன்ஏயின் எழுத்து ஒவ்வொரு புதுக் கலத்துக்கும் படியெடுக்கப்பட்டுத் தொடரும். முறிந்து பொருந்திய எலும்பின் தடம் பல வருடம் எக்ஸ்ரேயில் தெரியலாம், ஆனால் எலும்பு புதுப்படுவதால் சிறுவயது முறிவு முற்றாக மறையவும் கூடும். தடம் இல்லை என்பதை மட்டும் வைத்து 'இவர் அவரில்லை' என்று சொல்லிவிடக் கூடாது.

இன்றே எழுதி வையுங்கள்: எந்தக் கை எந்த வயதில் முறிந்தது, எந்தப் பல் அடைத்தது அல்லது பிடுங்கியது, மச்சம், தழும்பு, சத்திரசிகிச்சை. பாற்பல், சீப்பில் வேரோடு உள்ள மயிர் இருந்தால் உலரவைத்துக் கடதாசி உறையில் வையுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் நின்று பூஞ்சணம் பிடித்து டிஎன்ஏ சிதையும். வேரில்லாத மயிரில் பெரும்பாலும் தாய்வழி டிஎன்ஏதான் கிடைக்கும். ஒப்பிடத் தாயும் தகப்பனும் இருவரும் மாதிரி கொடுப்பது சிறந்தது. ஒருவர் இல்லையென்றால் சகோதரங்கள் எத்தனைபேர் கொடுக்க முடியுமோ அத்தனைபேரும். பெற்றோருக்கு வயதாகிறது. மாதிரி எடுத்துப் பாதுகாப்பதைப் பிறகு பார்ப்போம் என்று விடக்கூடாது.

2023 இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டியபோது வெளிப்பட்டதைப் போன்ற புதைகுழிகளில், தொடை எலும்பின் நடுத்தண்டும் கடைவாய்ப்பல்லும் உட்காது சூழ்ந்த எலும்பும்தான் டிஎன்ஏ எடுக்க நம்பத்தக்கவை. உடுப்பைப் பார்த்து மட்டும் அடையாளம் சொல்வது பிழைக்கும். இடப்பெயர்வில் உடுப்புகள் கைமாறின.

பிள்ளையின்ர கலங்கள் தாயின்ர உடம்பில கடைசிவரை இருக்குமாமே? மெய்யோ?

மெய். கருவுற்றிருக்கும்போது பிள்ளையின் கலங்கள் சில நஞ்சுக்கொடியைத் தாண்டித் தாயின் இரத்தத்துக்கு வருகின்றன. அவற்றில் சில தங்கிவிடும். ஆண்பிள்ளை பெற்று 27 வருடமான ஒரு தாயின் இரத்தத்தில் ஆண் கலங்களைக் கண்டதாக 1996 இல் அறிக்கை வந்தது. தாயின் கலங்களும் அதேபோலப் பிள்ளைக்குள் போய்த் தங்குகின்றன. முதற் கேள்வியில் சொன்ன கணக்கு எதிலும் இவை அடங்காது. இன்னொருவரின் கலம், ஆனால் செல் துண்டைப் போல வேலிக்கு வெளியே நிற்பதில்லை.

இந்தக் கலங்களை எடுத்துப் பிள்ளையை அடையாளம் காணலாமா என்று தாய்மார் கேட்கிறார்கள். எண்ணிக்கையில் அவை மிகக் குறைவு. எந்தப் பிள்ளையினுடையவை என்று பிரிப்பதும் கடினம். அதற்குத் தேவையும் இல்லை: பிள்ளையின் டிஎன்ஏயில் பாதி தாயினுடையது. உள்கன்னத்தில் பஞ்சுக் குச்சியை அரை நிமிடம் தேய்த்து எடுத்தால் போதும். அதற்கு அரை மணித்தியாலம் முன்னிருந்து வெற்றிலை, தேத்தண்ணி, சாப்பாடு ஒன்றும் வாயில் போடாமல், வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு இருங்கள்.